சிவப்புப் பொட்டுத் தட்டுகள்

சந்தியில் ஒருநாள் எங்கள் மிஸ்ஸை ஒரு பெடியன் சைக்கிளால் இடித்து விழுத்தினான். பிழை முழுக்க அவனுடையது. குறுக்கு ஒழுங்கையிலிருந்து மணியும் அடிக்காமல், பின்னால் ஒருவனை ஏற்றிக்கொண்டு வந்தவன். நான் தண்ணீர்க் கலன்களோடு பின்னால் வந்துகொண்டிருந்தேன். எல்லாவற்றையும் கண்ணால் கண்டேன். ஓடிப்போய் அவனுடைய சேட்டுக் கொலரைப் பிடித்தேன். மிஸ் நிலத்தில் இருந்தபடி, முழங்கையில் ரத்தம் வடிய வடிய, தன்னுடைய சைக்கிளின் பிறேக்கை அமத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவனை விடுங்கோ அண்ணை. என்ரை பிறேக் பிடிக்குதோ எண்டு முதல் பாப்பம்."

"மிஸ், உவன்தான் வந்து இடிச்சவன்!"

"இருக்கலாம். ஆனால் என்ரை பக்கத்தைத்தானே என்னாலை சோதிக்க ஏலும்?"

இந்தக் கதை நடக்கும்போதே பெடியன் என் பிடியிலிருந்து நழுவி ஓடிவிட்டான். பிறேக் நன்றாகத்தான் பிடித்தது.

அவர் அப்படித்தான். பேனையைக் காணவில்லை என்றால் தன் கொண்டைக்குள் முதலில் தேடுவார், பிறகுதான் மேசையில் தேடுவார். சோதனையில் ஒரு பிள்ளைக்குப் புள்ளி குறைந்தால், தான் திருத்தியது சரியோ என்று இரண்டாம் முறை திருத்துவார். அதிலும் குறைந்தால், படிப்பித்தது சரியோ என்று தன் குறிப்பை எடுத்துப் பார்ப்பார். அவருடைய தாய் மிசன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர், வாய் கொஞ்சம் நீளம். "உவள் மழை பெய்தாலும் தன்ரை பிழை எண்டுதான் சொல்லுவாள்" என்பார்.

பெயரை நான் சொல்லவில்லை. அந்தப் பெயரை எழுத எனக்கு உரிமை இருக்கிறதோ என்று தெரியாது. மிஸ் என்றே இருக்கட்டும். பல்கலைக்கழக வளாகத்தில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். வெளியில் சிலபேர் புழு மிஸ் என்றார்கள்.

அவர் வளாகத்தில் விலங்கியல் படிப்பித்தவர். நான் அவருடைய அறையில் தட்டுக் கழுவியவன். அதற்கு முதல் நீர்வேலியில் வாழைத் தோட்டத்துக்கு வாய்க்காலில் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு சரி. எழுத்துக் கூட்டி வாசிப்பேன், அவ்வளவுதான்.

எண்பத்தைந்தாம் ஆண்டாக இருக்க வேண்டும். தோட்டத்துக்கு ஒரு பெண்பிள்ளை சைக்கிளில் வந்து, கிணற்றுக்குள் ஒருக்கால் பார்க்கலாமோ என்று கேட்டார். நான் பயந்துபோனேன். கிணற்றைப் பார்க்க வருகிற பெண்பிள்ளைகளைப் பற்றி ஊரில் வேறு கதைகள் உண்டு. அவரோ பையிலிருந்து ஒரு துண்டு ஈரலை எடுத்து, நூலில் கட்டி, உள்ளே இறக்கினார். மேலே இழுத்தபோது அதில் நெல்லு நீளத்தில் தட்டையாகச் சில புழுக்கள். மண்ணிறம். முக்கோணத் தலை, மாறுகண் போல இரண்டு வாக்குக் கண்.

"இதுகளைத்தான் நாங்கள் குடிக்கிறமோ?" என்றேன்.

"இதுகள் இருந்தால் நல்ல தண்ணி எண்டு அர்த்தம்" என்றவர், என் இடது கையைப் பார்த்தார். சுட்டுவிரலின் நுனி எனக்கு இல்லை. தண்ணீர் மிசினின் பெல்ற் கொண்டுபோய்விட்டது.

"விரல் போய் எவ்வளவு காலம்?"

"ஏழெட்டு வருஷம்."

"உந்தப் புழுவை நடுவாலை வெட்டினால் தலைத் துண்டு வாலை வளர்க்கும். வால் துண்டு தலையை வளர்க்கும். உங்கடை விரல் ஏன் வளரேல்லை?"

"தெரியாது" என்றேன்.

"எனக்கும் தெரியாது" என்று சிரித்தார். அவர் பிறகு எனக்கு வேலை எடுத்துத் தந்தது அந்த மறுமொழிக்காகத்தான் என்று ஒருநாள் சொன்னார். அதே கேள்வியை அவர் கேட்ட மற்றவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு காரணம் சொன்னார்களாம்.

அவருடைய வேலையை எனக்கு விளங்கின மட்டில் சொல்கிறேன். அந்தப் புழுவின் உடம்பு முழுக்கக் குருத்துக் கலங்கள் சிதறிக் கிடக்கின்றன. வாழைக்கிழங்கில் கண் கிடக்கிறதே, அப்படி. எந்த உறுப்பாகவும் வளரக்கூடியவை. ஆனால் எந்த இடத்தில் தலையாக வேண்டும், எந்த இடத்தில் வாலாக வேண்டும் என்று அவற்றுக்கு ஓர் அறிவிப்புப் போகிறது. "எந்த ஜீன் எப்ப முழிக்குது, எப்ப படுக்குது, அதை ஆர் எழுப்புறது? அதுதான் அண்ணை என்ரை கேள்வி" என்பார். பெரிய நாடுகளில் பெரிய மிசின்கள் வைத்துக் கேட்கிற கேள்வி. இவரிடம் ஒரு சவர அலகு, ஒரு பழைய நுணுக்குக்காட்டி, வெள்ளை எனாமல் தட்டுகள், பிறகு நான்.

என் கிணற்றிலிருந்து வந்த புழுக்களில் ஒன்று வித்தியாசமானது. நடுவுடம்பில் மெல்லிய துண்டாக வெட்டினால் மற்றப் புழுக்கள் முன்னுக்குத் தலையும் பின்னுக்கு வாலும் வளர்க்கும். இது இரண்டு பக்கமும் தலை வளர்த்தது. அதைப் பெருக்கி, அதன் பிள்ளைகளை வெட்டினார். அவையும் இரண்டு தலை. பிள்ளைகளின் பிள்ளைகள், அவையும் அப்படியே. ஒரு தாயின் பரம்பரை முழுக்க அந்த அறிவிப்பு மாறிக் கிடந்தது. அந்தக் குடும்பத்துக்குத் தனியாகத் தட்டுகள் வைத்து, விளிம்பில் சிவப்புப் பெயின்றால் பொட்டு வைத்தார். மற்றவை ஊர்ப் புழு, பொட்டு இல்லை. இரண்டும் ஒருநாளும் கலக்கக்கூடாது.

எட்டு வருஷம் அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றினோம். கரண்ட் நின்றது. தட்டுகளின் மேல் ஈரச்சாக்குப் போட்டுக் குளிர்ச்சி வைத்தோம். வளாகத்துக் கிணற்றுக்குச் சுகாதாரக்காரர் குளோரின் போட்டார்கள். அது பட்டால் புழு கரைந்துவிடும் என்று நான் நீர்வேலியிலிருந்து சைக்கிளில் இரண்டு கலன் தண்ணீர் கட்டினேன். மேலே குண்டு போடுகிற பொம்பர் சுற்றும்போது கலன்களை அணைத்துக்கொண்டு வாழைக்குள் படுத்திருக்கிறேன். கிழமைக்கு ஒரு துண்டு ஈரல் வேண்டும். என் மனிசி நாசுக்காகக் கதைக்கத் தெரியாதவள்.

"பிள்ளையள் ஈரலைக் கண்டு மாசக்கணக்கு. நீங்கள் புழுவுக்குக் காவித் திரியிறியள். அடுத்த பிறப்பிலை எண்டாலும் நான் உங்கடை மிஸ்ஸின்ரை கோப்பைக்கை பிறக்கோணும்."

அதை மிஸ்ஸிடம் பகிடியாகச் சொன்னேன். அடுத்த கிழமையிலிருந்து அவித்த முட்டையின் மஞ்சள் கருவைக் கொடுக்கத் தொடங்கினார். "மனிசி சொன்னது சரி. அது எனக்கு முதலே மூளையிலை ஓடியிருக்கோணும்" என்றார். பாருங்கள், அதற்கும் தன்னைத்தான் சொன்னார்.

சந்தியில் சைக்கிள் கடை வைத்திருந்தவருக்கு ஷெல் விழுந்து ஒரு கால் போயிருந்தது. ஒருநாள் மிஸ்ஸைக் கண்டதும், "மிஸ், உங்கடை புழுவுக்கு வெட்ட வெட்ட முளைக்குதாம். என்ரை காலுக்கும் ஒரு வழி பாருங்கோவன்" என்றார். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மிஸ் சிரிக்கவில்லை. மர வாங்கில் அவருக்குப் பக்கத்தில் போய் இருந்தார்.

"இல்லை அண்ணை. எங்கடை உடம்பிலையும் குருத்துக் கலங்கள் கொஞ்சம் இருக்கு. ஆனால் காலைத் திருப்பிச் செய் எண்ட அறிவிப்பு எங்கையோ நிண்டு போச்சு. எங்கை எண்டு எனக்குத் தெரியேல்லை."

"ஐயோ மிஸ், நான் சும்மா பகிடிக்கு…"

"நீங்கள் பகிடிக்குக் கேட்டாலும் அது சரியான கேள்வி. நாங்கள்தான் மெதுவா வேலை செய்யிறம். எங்கடை பிழை."

அந்த மனிசன் அன்றைக்கு ஊன்றுகோலைத் தேடி எடுத்து, எழுந்து நின்று அவரை வழியனுப்பினார்.

கதை அங்கும் இங்கும் போகிறது. போகட்டும். நான் சொல்ல வேண்டியது சவுக்காரத்தைப் பற்றி. அதற்கு வரப் பிடிக்காமல்தான் இவ்வளவும் சுற்றினேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மிஸ் எனக்குச் சொன்னது, இந்தத் தட்டுகளில் சவுக்காரம் படக்கூடாது, வெறும் தண்ணீரும் தும்பும் மட்டும் என்று. ஒரு மட்டையில் பெரிய எழுத்தில், நான் கூட்டி வாசிக்கக்கூடியதாக, "சவுக்காரம் கூடாது" என்று எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டியும் விட்டார். பிறகு சண்டையில் பாதை பூட்டியது. சவுக்காரம் யாழ்ப்பாணத்துக்கு வருவது நின்றது. பனங்காய்க் களியில் உடுப்புத் தோய்த்தோம். வருஷக்கணக்காகச் சவுக்காரமே கண்ணில் இல்லாததால், அதைப் பற்றிய கட்டளையும் என் மனதிலிருந்து கழன்றுபோனது.

தொண்ணூற்றி மூன்றில் மிஸ் கொழும்புக்குப் போனார். வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் அந்த இரண்டு தலைப் புழுக்களைப் பற்றிக் கேள்விப்பட்டு, தனக்கு அனுப்ப முடியுமோ என்று கேட்டு எழுதியிருந்தார். அதை ஒழுங்குபண்ணத்தான் போனார். கிளாலிக் கடலால் வள்ளத்தில் போகவேண்டும். கடற்படை சுட்டு, போனவர்களில் சிலர் திரும்பி வராத காலம். போகும்போது அறைப் பூட்டின் திறப்பை என்னிடம் தந்தார். "மூண்டு கிழமை. அதுகள் உங்கடை பொறுப்பு அண்ணை" என்றார். ஊர் முழுக்கத் திறப்பைக் காட்டிக்கொண்டு திரிந்தேன்.

அந்த முதற்கிழமையில் என் மைத்துனன் கொழும்பிலிருந்து வந்தான். ஒரு கட்டிச் சவுக்காரம் கொண்டுவந்தான். மனிசி அதை நூலால் இரண்டாக அறுத்து, ஒரு பாதியை என் கையில் தந்து, "ஒருக்கா மனிசரைப் போலக் குளியுங்கோ" என்றாள். நான் குளிக்கவில்லை. மணந்து மணந்து பார்த்தேன். எனக்கு ஒரு எண்ணம் வந்தது. தட்டுகளில் புழு ஊர்ந்த பிசின் மஞ்சளாய்ப் படிந்து கிடந்தது, தும்புக்குப் போகாதது. மிஸ் வந்து கதவைத் திறக்கும்போது சிவப்புப் பொட்டுத் தட்டுகள் பளிச்சென்று இருக்கவேண்டும், "என்ன அண்ணை, புதுத் தட்டோ?" என்று கேட்கவேண்டும்.

புழுக்களை வாளிக்கு மாற்றினேன். சிவப்புப் பொட்டுத் தட்டுகள் எல்லாவற்றையும் ஒரே நாளில் தேய்த்தேன். அதோடு சவுக்காரம் முடிந்தது. வழக்கமாக மூன்று தண்ணீரில் அலசுவேன். அன்றைக்கு ஒரு தண்ணீரோடு விட்டேன். அந்த வாசம் போகக்கூடாது என்று விட்டேன். இதைச் சொல்ல எவ்வளவு வெட்கமாக இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. வாசத்துக்காக.

மறுநாள் காலையில் சாக்கைத் தூக்கினேன். தட்டுகள் வெள்ளை வெளேரென்று இருந்தன. அடியில் மண்ணிறமாகக் கொஞ்சம் கலங்கல். ஒவ்வொரு தட்டாகப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. திரும்பியபோது கதவுக்குப் பின்னால் அந்த மட்டை தெரிந்தது. எழுத்து மங்கிப்போய், ஆனால் வாசிக்கக்கூடியதாக.

மிஸ் என்னை ஏசமாட்டார் என்று எனக்குத் தெரியும். ஏசுகிறவர் என்றால் அன்றைக்கே சொல்லியிருப்பேன், ஏச்சு வாங்கிப் பழகினவன் நான். "திறப்பை உங்களட்டைத் தந்தது என்ரை பிழை" என்பார். அதை மட்டும் என்னால் கேட்கமுடியாது என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று இவ்வளவு காலமும் எனக்கே சொல்லிவந்தேன். அதுவும் முழு உண்மையில்லை. ஊரெல்லாம் காட்டின திறப்பைத் திருப்பிக் கொடுக்கவேண்டி வரும் என்று பயந்தேன்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு நீர்வேலிக்குப் போனேன். அதே கிணறு. நூலில் ஈரல் கட்டி இறக்கினேன். இரண்டு நாள் பிடித்து, சிவப்புப் பொட்டுத் தட்டுகளை நிரப்பினேன். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. வெட்டினால்தானே தெரியும்?

மிஸ் வெயிலில் கறுத்துப்போய் வந்தார். தட்டுகளைப் பார்த்துவிட்டு, "நல்லாப் பாத்திருக்கிறியள் அண்ணை" என்றார். புதுத் தட்டோ என்று கேட்கவில்லை.

அனுப்புவதற்கு முன் ஒருக்கால் சரிபார்க்கிறேன் என்று வெட்டினார். முன்னுக்குத் தலை, பின்னுக்கு வால். திரும்ப வெட்டினார். அலகை மாற்றினார். தண்ணீரை மாற்றினார். அந்த வருஷம் வெயில் கூட என்று, ஈரச்சாக்கை நனைத்து நனைத்து வெட்டினார். தன் கண்ணில் பழுதோ என்று ஒரு மாணவியைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். மாசக்கணக்காக இது நடந்தது. நான் பக்கத்தில் நின்று தட்டு எடுத்துக் கொடுத்தேன்.

ஒருநாள் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"நான் இல்லாத நேரம் சாப்பாடு மாத்தினீங்களோ அண்ணை?"

"இல்லை மிஸ்."

"தண்ணி?"

"உந்தக் கிணத்துத் தண்ணிதான் மிஸ்."

"பொட்டு வைச்ச தட்டும் மற்றதும் தற்செயலாக் கலந்து போச்சோ? போனால் போகட்டும், சொல்லுங்கோ. எனக்குத் தெரிஞ்சால் காணும்."

வழி திறந்து விட்டவர் அவர். நான், "அப்படி ஒண்டும் நடக்கேல்லை மிஸ்" என்றேன்.

"அண்ணை சொன்னால் சரி" என்று, கொப்பியில் கேள்விக்குறி போட்டு எழுதியிருந்த ஒரு வரியைக் கோடு போட்டு வெட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அப்ப பிழை என்ரை. எட்டு வருஷமா இல்லாத ஒண்டைப் பாத்திருக்கிறன்" என்றார்.

பேராசிரியருக்குக் கடிதம் எழுதினார். நான் தவறாக விளங்கிக்கொண்டேன், புழு அனுப்பவேண்டியதில்லை, உங்கள் நேரத்தை வீணாக்கினதுக்கு மன்னிக்கவும் என்று எழுதியிருப்பதாக எனக்குத் தமிழில் சொன்னார். அந்தக் கடிதத்தைத் தபாற்கந்தோருக்குக் கொண்டுபோய்ப் போட்டவன் நான். பெட்டிக்குள் போட முதல் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பின்னால் நின்றவர், "ஐயா, போடுறியளோ, விடுறியளோ?" என்றார். போட்டேன்.

அதற்குப் பிறகும் புழுக்களை அவர் விடவில்லை. சிவப்புப் பொட்டுத் தட்டுகளில் அதே பராமரிப்பு. "நான் பிழையா விளங்கினதுக்கு அதுகள் என்ன செய்யும்?" என்பார். இரண்டு வருஷம் நான் அந்தப் பொய்ப் புழுக்களுக்கு மஞ்சள் கரு கொடுத்தேன்.

தொண்ணூற்றி ஐந்தில், ஆமி வருகிறது என்று, எல்லோரையும் ஊரை விட்டு வெளிக்கிடச் சொல்லி அறிவித்தார்கள். மழை. என் மனிசியும் பிள்ளைகளும் உழவு மிசினில் முன்னுக்குப் போய்விட்டார்கள். நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு செம்மணி வெளியில் சனத்தோடு சனமாக நகர்ந்தேன். மத்தியானம் இருக்கும், முன்னுக்கு மிஸ்ஸைக் கண்டேன். பின் கரியரில் தாய். கரியரின் பக்கத்தில் தொங்கவிட்டு ஒரு சாக்கு. முன் கூடைக்குள் துவாயால் சுற்றி ஒரு பெரிய போத்தல். நான் அதைக் கண்டதும் தலையைக் குனிந்தேன். அதற்குள் அவர் கண்டுவிட்டார்.

"அண்ணை! நல்ல நேரம் வந்தியள். அம்மாவை ஒருக்காப் பிடியுங்கோ."

சாக்கு தாயின் காலில் உரசி உரசித் தோல் போயிருந்தது. மிஸ் சாக்கைக் கழற்றி, தெருவோரம் சனம் விட்டுவிட்டுப் போன பெட்டிகளுக்கும் தையல் மிசினுக்கும் பக்கத்தில் வைத்தார். வாய் திறந்திருந்த சாக்குக்குள் கொப்பிகள் தெரிந்தன. அவருடைய கோடு போட்ட பெரிய கொப்பிகள், முதல் வருஷத்திலிருந்து.

"மிஸ், அது கொப்பியளெல்லே?"

"ஓம். இரண்டையும் கொண்டுபோக ஏலாது. கொப்பியிலை இருக்கிறது என்ரை பிழை. புழு பிழை சொல்லாது. உயிரோடை இருந்தால் ஒருநாளைக்கு வேறை ஆரும் சரியாப் பாப்பினம்."

தாய், "கெதியா நட பிள்ளை, சனம் நெரிக்குது" என்றார்.

மிஸ் சைக்கிளைப் பிடித்து இரண்டடி நகர்ந்தார். மழை கொப்பிகளின் மேல் விழுந்தது. நான் ஹாண்டிலைப் பிடித்து நிறுத்தினேன்.

"மிஸ், போத்தலை விடுங்கோ. கொப்பியை எடுங்கோ."

"ஏன்?"

"போத்தலுக்கை இருக்கிறது அந்தக் குடும்பம் இல்லை. ஊர்ப் புழு. நீங்கள் கொழும்புக்குப் போனாப் பிறகு நான் தட்டுகளுக்குச் சவுக்காரம் போட்டனான். எல்லாம் செத்துப்போச்சு. கிணத்திலை பிடிச்சு விட்டனான்."

சனம் எங்களை இடித்து இடித்து இரண்டு பக்கமும் போனது. அவர் கண்ணாடியில் மழை. கண் தெரியவில்லை.

"எல்லாத் தட்டுமோ?"

"எல்லாம் மிஸ். ஒண்டும் மிஞ்சேல்லை."

"அப்ப முதல் எட்டு வருஷமும் நான் பாத்தது…"

"நீங்கள் பாத்தது சரி மிஸ்."

அவர் முகத்தில் ஒரு கணம் ஏதோ ஏறியது. சந்தோசம் என்றுதான் சொல்லவேண்டும். உடனே இறங்கியது.

"நான் உங்களட்டைக் கேட்டனான்" என்றார்.

"ஓம் மிஸ்."

"கலந்ததோ எண்டு கேட்டனான். நீங்கள் இல்லை எண்டு சொன்னனீங்கள்."

"ஓம்."

நான் அந்த வசனத்துக்காகக் காத்திருந்தேன். பிழை என்ரை, உங்களட்டைத் திருப்பிக் கேட்டிருக்கோணும் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். உள்ளுக்குள் அதைக் கேட்க ஆசையாகக்கூட இருந்தது.

"இது உங்கடை பிழை அண்ணை" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. நுணுக்குக்காட்டியில் பார்த்துவிட்டு, இன்னது தெரிகிறது என்று சொல்வாரே, அந்தக் குரலில் சொன்னார். பத்து வருஷப் பழக்கத்தில் அவர் வேறொருவரைக் குறித்து அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

பிறகு போய்ச் சாக்கை எடுத்தார். நான் கை நீட்டினேன். "தாங்கோ மிஸ், இதை என்ரை சைக்கிளிலை கட்டிக்கொண்டு வாறன்."

"வேண்டாம். இது என்னட்டை இருக்கட்டும்."

கூடைக்குள் இருந்த போத்தலை எடுத்து, துவாயை உருவித் தாயின் காலில் சுற்றினார். போத்தல் இருந்த இடத்தில் சாக்கை அமத்தி வைத்தார். போத்தலை என் கையில் தந்தார்.

"இதை நீங்கள் கொண்டுபோங்கோ."

"நான் என்ன செய்யிறது மிஸ்?"

"எங்கையும் ஒரு நல்ல தண்ணியிலை விடுங்கோ."

அவர் போனார். தாய் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டு போனார். மிஸ் திரும்பவில்லை. அதற்குப் பிறகு நான் அவரைக் காணவில்லை. கொப்பிகள் கரை சேர்ந்தனவோ, பேராசிரியருக்கு இன்னொரு கடிதம் போனதோ, எனக்குத் தெரியாது. விசாரிக்கலாம். விசாரிக்க முகம் இல்லை.

நாவற்குழிப் பாலம் வரைக்கும் போத்தலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தேன். பக்கத்தில் வந்த ஒரு மனிசி, நான் அதைப் பிடித்திருந்த பிடியைப் பார்த்து வழி விட்டாள்.

"என்னய்யா அது, மருந்தோ?"

"இல்லைப் பிள்ளை. கிணத்துப் புழு."

அவள் என்னை விசரன் என்று நினைத்திருப்பாள். அந்த அறைத் திறப்பு அப்போதும் என் இடுப்பில்தான் இருந்தது. கேட்க அவருக்கு நினைவில்லை. கொடுக்க எனக்குக் கை வரவில்லை.